நம்ம ஊர் ஜட்ஜை நாம் ஏன் தேர்ந்தெடுப்பதில்லை?

2025 மே 13. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் கோவை மகிளா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. சாகும்வரை சிறை என்று தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. தீர்ப்பு வந்த கையோடு அதற்குச் சொந்தம் கொண்டாடும் போட்டி தொடங்கிவிட்டது. வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது எங்கள் ஆட்சி என்றது அதிமுக. நாங்கள் போராடியிராவிட்டால் மூடி மறைத்திருப்பார்கள் என்றது திமுக. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர். நந்தினி தேவி எதுவும் பேசவில்லை. பேசவும் கூடாது.

கோவைக்காரர்களில் பலருக்கு அந்தப் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். நம் கவுன்சிலர் யார், எம்.எல்.ஏ. யார், அவர் எந்த ஊர், என்ன சாதி, அவர் மாமனார் எந்த மில்லில் பங்குதாரர் என்பதுவரை டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஒருவரை ஆயுள் முழுக்கச் சிறையில் வைக்கிற அதிகாரம் கொண்ட நீதிபதியைப் பற்றி மட்டும் யாருக்கும் எதுவும் தெரியாது. நாம் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டதும் இல்லை. மக்களாட்சியில் இது எப்படிச் சரியாகும்?

உலகம் முழுக்க இப்படி இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 1832-லேயே எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று முடிவு செய்தது. இன்று அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் நீதிபதித் தேர்தல் உண்டு. டெக்சாஸில் கட்சிப் பெயரோடேயே நிற்கிறார்கள். குடும்பப் படம், ஞாயிற்றுக்கிழமை போகும் தேவாலயம், ராணுவத்தில் இருந்த காலம், குற்றவாளிகளிடம் காட்டிய கறார் என்று எல்லாம் பிரசுரத்தில் இடம்பெறும். மெக்சிகோ இன்னும் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பட நீதிபதிப் பதவிகளுக்கு நாடு தழுவிய தேர்தல் நடத்தியது. ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 13 சதவீதம்தான்.

நம் அரசியல் சட்டம் வேறு பாதையில் போனது. மாவட்ட நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பதாக 233-ஆவது பிரிவு சொன்னாலும், உயர் நீதிமன்றத்தைக் கலக்காமல் அது நடக்காது. கீழமை நீதிமன்றங்கள் மீதான கட்டுப்பாட்டை 235-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்தின் கையில் கொடுக்கிறது. பணியிட மாற்றம், பதவி உயர்வு, விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றுக்கும் கோவை நீதிபதி சென்னை உயர் நீதிமன்றத்தைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கலெக்டருக்கோ, தொகுதி அமைச்சருக்கோ அதில் வேலை இல்லை.

நீதிபதிப் பணி ஏணியின் முதல் படி, பேச்சு வழக்கில் முன்சீப் அல்லது மாஜிஸ்திரேட் என்று சொல்லும் சிவில் நீதிபதி பதவி. டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வு எழுதி, நேர்முகம் தாண்டி வர வேண்டும். 2023-ல் 245 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்தத் தேர்வில் வென்றவர்களில் ஒருவர் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி. அப்போது அவருக்கு 23 வயது. பிரசவமாகி ஓரிரு நாளிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர். தேர்தல் வைத்திருந்தால் இப்படி ஒருவர் டெபாசிட்டாவது வாங்கியிருப்பாரா? ஆனால் இனி அந்த வயதில் நீதிபதியாவது கடினம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், இந்தத் தேர்வுக்கு வருபவர் மூன்றாண்டாவது வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதி ஆசனத்தில் உட்காரக் கூடாது என்பது நியாயம்தான். முதல் மூன்றாண்டு ஜூனியர் வக்கீலுக்குக் கைக்காசு எவ்வளவு வரும் என்று தெரிந்தவர்களுக்கு, அதில் அடிபடப் போவது யார் என்பதும் தெரியும்.

அடுத்த படி சப் ஜட்ஜ், தலைமைக் குற்றவியல் நடுவர். அதற்கும் மேலே மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி இடங்களில் கால் பங்கு நேரடித் தேர்வுக்கு. மீதிக்குக் கீழிருந்து வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும். சொந்த ஊரில் பொதுவாகப் போஸ்டிங் தரமாட்டார்கள். கோபிசெட்டிபாளையத்துக்காரர் திருநெல்வேலியிலும் தஞ்சாவூர்க்காரர் திருப்பூரிலும் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

கொங்கு நாட்டில் பஞ்சாயத்து சொல்கிறவர் என்றாலே உள்ளூர்க்காரர்தான். ஊர்க் கவுண்டர், பட்டக்காரர், பெரிய தனக்காரர். ‘சின்ன கவுண்டர்’, ‘நாட்டாமை’ என்று 1990-களில் வந்த படங்கள் அந்தப் பிம்பத்தைத் தமிழ்நாடு முழுக்க ஒட்டிவைத்தன. சொம்பும் ஆலமரமுமாகத் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த மரத்தடியில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றவர்கள் யார் என்று படம் கேட்கவில்லை. இந்திய அரசியல் சட்டம் கேட்டது. வெளியூரிலிருந்து வந்த, தேர்வு எழுதிய, யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத ஒருவரை அந்த இடத்தில் உட்காரவைத்ததற்குக் காரணம் அதுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே வழக்குகள் உண்டு. அவற்றில் மூன்று, தேர்தல் காலத்தில் பிறந்தவை.

1998 பிப்ரவரி 14. நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரத்துக்கு பாஜக தலைவர் அத்வானி கோவைக்கு வரவிருந்த நாளில் நகரம் முழுக்கக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்தத் தேர்தலில் கோவைத் தொகுதியை பாஜக வென்றது. வழக்கு ஒன்பது ஆண்டு ஓடி, 2007 ஆகஸ்ட்டில் தனி நீதிமன்ற நீதிபதி கே. உத்திராபதி தீர்ப்பு சொன்னார். அல் உம்மா தலைவர் பாஷா குற்றவாளி. அதே நாளில், ஒன்பதாண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்த கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானிமீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையும் செய்தார். காயம் ஆறாத ஊரில், அடுத்த ஆண்டு ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய ஒரு நீதிபதிக்கு அந்த இரண்டாவது வரியை எழுதக் கை வருமா?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையப் பகுதியில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்தவர். மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு. அடுத்த இரண்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். சாதி ஓட்டுக் கணக்கில் புள்ளி தவறிவிடுமோ என்று பல தலைவர்கள் வார்த்தையை அளந்துதான் பேசினார்கள். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிபதி அலமேலு நடராஜன், பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தார். தாய் உட்பட மூன்று பேரை விடுவித்தார். 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. எந்தத் தீர்ப்பு சரி என்பதில் இன்றும் இரண்டு பக்கம் உண்டு. கீழே ஒருவர் எழுதியதை மேலே இருவர் காரணம் சொல்லி மாற்ற முடிகிற ஏற்பாடு இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். திருத்தியது மேல்முறையீடு, ஓட்டுப் பெட்டியாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் திருத்தியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

ஓட்டுப் பெட்டி திருத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஓர் உதாரணம் உண்டு. பாலியல் குற்றம் நிரூபணமான கல்லூரி மாணவர் ஒருவருக்கு வெறும் ஆறு மாதச் சிறை கொடுத்தார் என்பதற்காக ஆரன் பெர்ஸ்கி என்ற விசாரணை நீதிபதியை 2018-ல் வாக்காளர்கள் பதவியிலிருந்தே இறக்கினார்கள். அந்தத் தண்டனை குறைவு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதைப் பார்த்த மற்ற நீதிபதிகள், அடுத்து கூண்டில் ஓர் ஏழைப் பையன் நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதும் கேள்வி. கருணைக்காகப் பதவி போகும் இடத்தில் கருணை சுருங்கும்.

மூன்றாவது, பொள்ளாச்சி. 2019 பிப்ரவரியில் புகார். ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தல். பிரச்சார மேடைகளில் அந்தப் பெண்களின் துயரம் பட்டபாடு கொஞ்சநஞ்சம் இல்லை. புகார் கொடுத்தவரின் அடையாளமே அதிகாரிகள் வாயாலும் அரசாணையாலும் வெளியே வந்த கொடுமையும் நடந்தது. பிறகு நீதிமன்றத்துக்குள் நடந்தது இதற்கு நேர் எதிர். விசாரணை மூடிய அறையில். சாட்சிகள் 48 பேர். ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். நம் கோர்ட்டுகளில் வாய்தா வாங்கி வாங்கியே சாட்சியைக் களைக்க வைப்பார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

நாமக்கல் மாவட்டத்தைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. 2015-ல் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. குற்றம் சாட்டப்பட்ட யுவராஜ் ஒரு சாதி அமைப்பின் தலைவர். முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். உள்ளூரில் நியாயமாக நடக்காது என்று தாய் போராடியதில் விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது. அங்கே 2022 மார்ச்சில் நீதிபதி சம்பத்குமார் ஆயுள் தண்டனை கொடுத்தார்; 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நியமன நீதிபதி இருக்கும்போதே வழக்கு ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. அந்த ஊர் ஓட்டில் வென்ற நீதிபதி என்றால்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்றவர், எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று நினைத்தால் 45 நாளுக்குள் தேர்தல் மனு போட வேண்டிய இடம் மாவட்ட நீதிபதிதான். தேர்தல் தகராறைத் தீர்ப்பவரே தேர்தலில் நின்றவராக இருந்தால் யார் நம்புவார்கள்?

அப்படியானால் நீதிபதியின் சொந்த விழுமியங்களை நாம் எங்கே பார்ப்பது? 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, உயர் நீதித்துறைக்கென ஒரு நடத்தைச் சாசனம் நிறைவேற்றினார்கள். சட்டம் சார்ந்த அமைப்பு தவிர எந்தக் கிளப், சங்கத் தேர்தலிலும் நீதிபதி நிற்கக் கூடாது. அரசியல் விஷயங்களில் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது. பேட்டி கொடுக்கக் கூடாது. தீர்ப்பே பேச வேண்டும் என்கிறது அது. மாவட்ட நீதிபதிகளுக்குப் பணி விதிகளே இதே வேலையைச் செய்கின்றன. ஆக, அமெரிக்க நீதிபதி பிரசுரத்தில் அச்சடிப்பதை நம் நீதிபதி உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மௌனம் தேவையானது. ஆனால் இதன் மறைவில் சில தேவையற்ற ரகசியங்களும் வாழ்கின்றன. ஒரு நீதிபதியை ஏன் மாற்றினார்கள், இன்னொருவருக்கு ஏன் பதவி உயர்வு தரவில்லை என்பதற்குக் காரணம் வெளியே வராது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரம் 2025 மே மாதம் முதல் இணையத்தில் இருக்கிறது. நம் மாவட்ட நீதிபதி கொடுக்கும் சொத்துக் கணக்கு உயர் நீதிமன்றக் கோப்போடு நின்றுவிடுகிறது. கீழமை நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் வர வேண்டும் என்று 1976-லேயே சட்டம் திருத்தினார்கள். ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள விலக்கும் தரப்பட்டது. தனக்கு ஏன் தண்டனை என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாதவர் இன்னும் இருக்கிறார். ஓட்டு வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் இந்த மூன்றையும் சரிசெய்யக் கேட்கிற கடமையிலிருந்து தப்ப முடியாது.

வாசகருக்கு ஒரு தகவல். மூடிய அறை விசாரணைகள் தவிர, குற்றவியல் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். கோவை கோபாலபுரத்து நீதிமன்ற வளாகத்தில் வழக்கு இல்லாதவரும் இடம் இருந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அன்றன்றைய உத்தரவுகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம். கைபேசியை அணைத்துவிட்டு ஒரு முற்பகல் போய்ப் பாருங்கள்.