வண்டி நின்ன பிறகுதான் சூடு ஏறும்

சொந்தமா கார் கட்டுற டீம்ல இன்ஜின் பவரைப் பத்திப் பேசாத நாளே இருக்காது. அந்தப் பவரைத் தின்கிற சூட்டைப் பத்தின பேச்சு மட்டும், வண்டி ஒரு தடவை மக்கர் பண்ணின பிறகுதான் வரும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் கட்டுகிற காரை வச்சே இதைப் பார்ப்போம்.

இதில் பெரும்பாலும் பைக் இன்ஜின்தான். பைக்கில் அது காத்துக்கு நேரா நிற்கும். காரில் டிரைவர் முதுகுக்குப் பின்னால், ஃபயர்வாலின் மறைவில் உட்காரும். அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே எக்ஸாஸ்ட், இன்டேக், பெட்ரோல் டேங்க், வயரிங் எல்லாம் நெருக்கி அடிச்சு இருக்கும்.

முதலில் இன்டேக். காற்று சூடானா அடர்த்தி குறையும். 30 டிகிரி காற்றுக்குப் பதிலா இன்ஜின் 60 டிகிரி காற்றை இழுத்தா, அதே கன அளவில் சுமார் 9 சதவீதம் ஆக்சிஜன் குறைவு. நாக்கிங் வாய்ப்பும் கூடும். விதிப்படி எல்லாக் காற்றும் 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாத்தான் போகணும். ஏற்கெனவே கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கிற இடத்தில் சூடான காற்றையும் கொடுத்தா என்ன மிஞ்சும்? அதனால ஏர் ஃபில்டரின் வாய் வெளிக்காற்றைப் பார்த்து இருக்கணும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடானது, அது வேண்டாம். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ-வில் ப்ளீனம் அடிக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அது 60 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பிச்சிடும்.

அடுத்தது எக்ஸாஸ்ட். இதில் தொடாமலேயே வரும் சூடுதான் வில்லன். கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும். 250 டிகிரியில் இருக்கிற பைப் 500 டிகிரிக்குப் போனா, அது வீசுற சூடு இரண்டு மடங்கு இல்லை, கிட்டத்தட்ட 5 மடங்கு. இதைச் சமாளிக்க ஒரு வரிசை இருக்கு:

1. பைப்பின் பாதை. டேங்க், பெட்ரோல் குழாய், இன்டேக் ஒரு பக்கம்னா, எக்ஸாஸ்ட் மறுபக்கம். இது காசில்லாத தீர்வு, ஆனா சிஏடி-யில் இருக்கும்போதே முடிவு பண்ணணும்.

2. இடைவெளி. நகர்த்த முடிஞ்ச வரைக்கும் நகர்த்துங்க.

3. தகடு. நடுவில் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்று வையுங்க. பைப்பைத் தொடக்கூடாது, இரண்டு பக்கமும் காற்று ஓடணும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

4. கடைசியாத்தான் ஹீட் ரேப். சூட்டை பைப்புக்குள்ளேயே பிடிச்சு வைக்கும், ஆனா ஈரத்தையும் சேர்த்துப் பிடிச்சு வைக்கும். மைல்டு ஸ்டீல் பைப் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஆயில் கசிந்து ரேப்பில் ஊறினா தீப்பிடிக்கவும் வழி உண்டு.

இதெல்லாம் வண்டி ஓடும்போது நடக்கிற கதை. உண்மையான பரீட்சை வண்டி நிற்கும்போதுதான். என்டூரன்ஸ் சுமார் 22 கிலோமீட்டர். பாதியில் இன்ஜினை நிறுத்தி டிரைவர் மாறணும், பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆகணும். இன்ஜினை அணைச்சதும் பக்கவாட்டுக் காற்றும் இல்லை, கூலன்ட் ஓட்டமும் இல்லை. ஹெடரில் தேங்கின சூடு சுத்தி இருக்கிற எல்லாத்துக்கும் பரவும். இதைத்தான் ஹீட் சோக் என்பாங்க.

அப்போ இரண்டு விஷயம் நடக்கும். பெட்ரோல் குழாயில் ஆவி கட்டலாம். இன்டேக்கில் இருக்கிற வெப்பநிலை சென்சாரும் தன் உலோகத்தோடு சேர்ந்து சூடாகி, காற்று இருக்கிறதைவிடச் சூடா இருக்குன்னு இசியு-கிட்ட பொய் சொல்லும். இசியு அதை நம்பி பெட்ரோலைக் குறைக்கும். உள்ளே வர்றதோ அதைவிடக் குளிர்ந்த காற்று. கலவை லீன் ஆகி, இன்ஜின் உறுமும், ஆனா பிடிக்காது. மாசக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கட்டின வண்டி, பாதி தூரம் நல்லா ஓடிட்டு, டிரைவர் மாறும் இடத்திலேயே நின்னுடும். மிச்ச என்டூரன்ஸ் மதிப்பெண்ணும் போச்சு.

அதனால டெஸ்டிங்ல லேப் டைமை மட்டும் பார்க்காதீங்க. வண்டியை 20 நிமிஷம் நல்லா விரட்டுங்க, அணைங்க, மூணு நிமிஷம் காத்திருந்து திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த மூணு நிமிஷமும் இன்டேக் வெப்பநிலையை லாக் பண்ணி, வெளிக்காற்றோடு ஒப்பிடுங்க. பெட்ரோல் குழாயிலும் ப்ளீனத்திலும் ஒவ்வொரு தெர்மோகப்பிள் ஒட்டினா, எந்த இடத்துக்குத் தகடு வேணும்னு அந்த எண்களே சொல்லும். மத்தியான வெயிலில் செய்யுங்க. காலை ஆறு மணிக்கு எந்த வண்டியும் நல்ல பிள்ளைதான்.