மரக் குரோஷா ஊசி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மளிகையோடு நூல்கண்டு, ஊசி, பொத்தான் போன்ற சில்லறைச் சாமான்களையும் வைத்து விற்பவர்கள் நம்மில் ஏராளம். குரோஷா ஊசி என்றால் இரும்பு அல்லது அலுமினிய ஊசியையே நாம் வெகுகாலமாக விற்று வந்தோம். மரத்தில் கடைந்த ஊசியைக் கேட்டு வருபவர்களும் உண்டு. மர ஊசி கையில் கனக்காது, குளிராது; வழுக்கும் கம்பளி நூலும் அதில் நழுவாமல் நிற்கும். ஆனால் உலோக ஊசியை விட விலை கூடுதல். நல்ல சரக்கும் மட்டச் சரக்கும் பார்வைக்கு ஒன்று போலவே பளபளக்கும். ஊசியின் கழுத்து ஒடிந்து வாடிக்கையாளர் திரும்பி வரும்போதுதான் வேறுபாடு தெரியும். அது செய்யப்படும் விதத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கொள்முதலில் ஏமாற வேண்டியதில்லை.

கடைசல் வேலை நமக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும், கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும், நம் கடையிலேயே தொங்கும் பருப்பு மத்தும் கடைசல் பட்டறையில் பிறந்தவைதான். மத்துக்கும் குரோஷா ஊசிக்கும் உள்ள வித்தியாசம் பருமனில்தான். சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சியை 5 அல்லது 6 மில்லிமீட்டர் பருமனுக்குக் கடைய வேண்டும். இவ்வளவு மெல்லிய குச்சி சுழலும்போது நடுவில் வில்லாக வளைந்து அதிரும். உளியைச் சற்று அழுத்தினாலும் ஒடிந்துவிடும். ஆகவே கைதேர்ந்தவர்கள் ஒரு கையால் உளியைப் பிடித்து, மறு கை விரல்களால் குச்சிக்குப் பின்புறம் அணை கொடுத்துக் கடைவார்கள். வேகம் அதிகமாகவும், வெட்டு மிக மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பிறகு உப்புத்தாளை முரட்டு ரகத்தில் தொடங்கி நயமான ரகம் வரை மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள்.

லேத்தில் வருவது உருண்டை வடிவம் மட்டுமே. நூலைப் பிடிக்கும் கொக்கி வாய் லேத்தில் வராது. குச்சியைக் கழற்றி, மெல்லிய ரம்பத்தால் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு, கத்தியாலும் சிறு அரத்தாலும் கையால் செதுக்கி எடுக்க வேண்டும். ஊசியின் விலையில் பெரும்பகுதி இந்தக் கைவேலைக்குத்தான். மட்டச் சரக்கில் மிச்சம் பிடிப்பதும் இதே இடத்தில்தான். அவசரமாக வெட்டிய வாயில் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு நிற்கும். பின்னும்போது ஒவ்வொரு கண்ணியிலும் நூலை இழுக்கும். இதைச் சோதிப்பது எளிது. கொஞ்சம் பஞ்சை எடுத்து வாய்க்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது மரத்தின் ரேகை. வாய்க்குக் கீழுள்ள கழுத்துதான் ஊசியிலேயே மெலிந்த பாகம். அங்கே ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், மரம் எவ்வளவு உயர்ந்த சாதியானாலும் ஒடியும். நல்ல பட்டறைக்காரர் மரத்தை அறுக்காமல் விறகு போலப் பிளந்து குச்சி எடுப்பதன் காரணம் இதுதான். பிளவு ரேகையோடுதான் போகும். கெட்டிச் சாயம் பூசிய ஊசியில் ரேகை தெரியாது. எனவே பூச்சு இல்லாத மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

சரியாகக் காயாத மரத்தில் கடைந்த ஊசி கடைக்கு வந்த பிறகும் வளையும். கண்ணாடி மேசை மீது உருட்டிப் பாருங்கள். நேரான ஊசி சீராக உருளும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். டஜனில் இரண்டு தத்தினாலே நாம் வாங்கத் தயங்குவோம்.

அளவு விஷயத்தில் குழப்பம் அதிகம். “ஆறாம் நம்பர்” என்று கேட்பவர் 6 மில்லிமீட்டரைச் சொல்லலாம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஆறாம் நம்பர் என்பது 5 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் ‘ஜி-6’ என்பது 4 மில்லிமீட்டர். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்! ஆர்டர் எழுதும்போது மில்லிமீட்டரில் மட்டும் எழுதுங்கள். துளையிட்ட அளவுத் தகடு ஒன்றைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தகராறு மிச்சம். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த மர ஊசியை வாங்கி அடுக்க வேண்டாம். அந்தப் பருமனில் மரம் தாங்காது. நரசாபுரத்து லேஸ் போன்ற நுண்ணிய நூல் வேலைக்கு எஃகு ஊசிதான் சரி.

மெருகு எதுவென்றும் விசாரிக்க வேண்டும். சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அதைத் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவது சென்னபட்டணத்து முறை. தேன்மெழுகு, ஆளிவிதை எண்ணெய் மெருகும் நல்லவையே. தேங்காய் எண்ணெய் தடவிய ஊசி மட்டும் வேண்டாம். அந்த எண்ணெய் உலராது என்பது மளிகைக்காரர்களான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைக் கம்பளியில் கறை ஏறினால் பழி கடைக்குத்தான்.

ஈட்டி மர ஊசிக்கு மதிப்பு உண்டு. உள்ளூரில் விற்பவர்கள் பட்டறைக்காரரிடம் முறையான பில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஈட்டி இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் விதிகளை விசாரித்த பிறகே கை வைக்க வேண்டும்.

கடையில் வைக்கும் இடமும் முக்கியம். உப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் அருகே வேண்டாம். ஊசியின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்து கிடந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூங்கில் ஊசியில் இது விரைவில் வரும். அந்தக் கட்டை உடனே அப்புறப்படுத்தாவிட்டால் பக்கத்தில் இருக்கும் முறத்துக்கும் மூங்கில் கூடைக்கும் பூச்சி பரவிவிடும்.