சபைக்குள் மிரட்டல்: முறைப்பாட்டை எங்கே, எப்படிக் கொண்டுபோவது?

பிரதேச சபை என்றதும் குப்பை வண்டி, தெரு விளக்கு, சந்தைக் கட்டணம், நூலகம் என்பனவே நமது நினைவுக்கு வருகின்றன. அது ஒரு வேலைத்தலமும் ஆகும் என்பதை நாம் யோசிப்பதில்லை. வீதி கூட்டுபவர், குழாய் திருத்துபவர், எழுதுவினைஞர், நூலக உதவியாளர், வருமானப் பரிசோதகர் எனப் பலர் அங்கே உழைக்கிறார்கள். நிலத்தை இழந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இவர்களிடையே உண்டு. பயிர் செய்யக் காணி இல்லாதபோது சபையில் கிடைக்கும் நாட்கூலி வேலையே அடுப்பெரிய வழி.

அந்த வேலையில் ஒருவர் நாள்தோறும் ஏசப்பட்டு, அவமதிக்கப்பட்டு, “நாளைக்கு வேலை இருக்காது” என்று பயமுறுத்தப்பட்டால் என்ன செய்வது? இடம்பெயர்ந்தவருக்கு இக்கேள்வி மற்றவர்களைவிடக் கடினமானது. ஊர் புதிது. வேலையோ நிரந்தரமில்லை. வேலை வாங்கித் தந்தவரே மிரட்டுபவராகவும் இருக்கலாம். போதாததற்குத் தோட்டத்தில் கங்காணியின் ஏச்சையும் கணக்கப்பிள்ளையின் அதட்டலையும் கேட்டு வளர்ந்த நமக்கு, ஏச்சும் வேலையின் ஒரு பகுதிதான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை முதலில் களைய வேண்டும்.

எது மிரட்டல், எது மேற்பார்வை?

பிந்தி வந்தவரிடம் காரணம் கேட்பது மிரட்டல் அல்ல. தவறு செய்தவரை எழுத்தில் எச்சரிப்பதும் அல்ல. அவை மேற்பார்வையாளரின் கடமை. எல்லோர் முன்னிலையிலும் சாதியையோ மொழியையோ பிறப்பிடத்தையோ சொல்லிப் பழிப்பது, ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றே கடினமான வேலையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது, நியாயமான லீவை மறுப்பது, கையொப்பமிட மறுத்ததற்காகப் பழிவாங்குவது ஆகியவை மிரட்டலாகும்.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2019 ஜூனில் நிறைவேற்றிய 190ஆம் இலக்க உடன்படிக்கை இதற்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது. உடலுக்கோ மனத்துக்கோ பொருள் நிலைக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தை, ஒருமுறை நடந்தாலும் பலமுறை நடந்தாலும், வேலை உலகில் ஏற்கத்தக்கதல்ல என்கிறது அது. நிரந்தர ஊழியர் மட்டுமன்றி, பயிற்சி பெறுபவரும் தொண்டரும்கூட அதன் பாதுகாப்புக்குள் அடங்குவர்.

தமிழ்நாட்டில் நடந்தது

மிரட்டப்படுபவர் எப்போதும் சிற்றூழியராகத்தான் இருப்பார் என்றில்லை. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள தெற்குத்திட்டை ஊராட்சியின் அப்போதைய தலைவி ஆதிதிராவிடச் சமூகத்தைச் சேர்ந்தவர். ஊராட்சிக் கூட்டத்தில் ஏனையோர் நாற்காலிகளில் இருக்க, தலைவியான அவர் தரையில் இருத்தப்பட்டார். அந்தப் படம் 2020 ஒக்டோபரில் வெளியே வந்தது. அதன் பின்னரே மாவட்ட நிருவாகம் விசாரித்தது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவாயிற்று.

இதில் நமக்கு இரு பாடங்கள் உண்டு. பதவி கிடைத்துவிட்டால் மரியாதையும் தானாகக் கிடைத்துவிடாது என்பது ஒன்று. மூடிய அறைக்குள் நடப்பதற்குச் சான்று இருந்தால் மட்டுமே வெளியே உள்ள அதிகாரி அசைவார் என்பது மற்றது. நமது நாட்டிலும் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதனால் புதிதாகச் சபைக்குள் நுழைந்த பெண் உறுப்பினர்களும் இதனைக் கவனத்தில் கொள்வது நல்லது.

இங்கிலாந்தில் ஒரு சபை செய்த தவறு

முறைப்பாடு உண்மையாக இருந்தாலும் பிழையான வழியில் போனால் என்னவாகும்? இங்கிலாந்தின் ஹெரிபோர்ட்ஷயர் பகுதியில் லெட்பரி என்றொரு சிறிய நகரசபை உண்டு. உறுப்பினர் ஒருவர் தம்மை மிரட்டுவதாக அச்சபையின் அலுவலர் இருவர் முறையிட்டனர். ஊழியர்களுக்கென இருந்த குறைகேள் நடைமுறையைப் பயன்படுத்தி, 2016இல் சபை அந்த உறுப்பினரைக் குழுக்களிலிருந்து விலக்கியது. அவர் நீதிமன்றம் சென்றார். சபைக்கு அவ்வாறு தண்டிக்க அதிகாரம் இல்லை, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் மீதான முறைப்பாட்டை அதற்கெனச் சட்டம் வகுத்த ஒழுக்கக்கோவையின் வழியில்தான் விசாரிக்க வேண்டும், நடந்த விசாரணை நியாயமானதாகவும் இல்லை என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனால் யாருக்கு நன்மை? முறையிட்ட அலுவலருக்கும் நீதி கிடைக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்கவில்லை. சபையின் பணமும் வழக்கில் கரைந்தது. ஆகவே, யார்மீது முறைப்பாடு என்பதைப் பார்த்தே வழியைத் தெரிய வேண்டும்.

நமது சபையில் இரு வழிகள்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபையில் இருவகையினர் உள்ளனர். தவிசாளரும் உறுப்பினர்களும் மக்களால் தெரிவானவர்கள். செயலாளரும் அலுவலர்களும் ஊழியர்கள்.

ஊழியர் ஒருவர் மீது முறைப்பாடு என்றால் அதைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். செயலாளர் மீதே முறைப்பாடு என்றால் நுவரெலியாவில் உள்ள உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் கொடுக்க வேண்டும். மாகாணப் பொதுச் சேவையைச் சேர்ந்த அலுவலர்களின் ஒழுக்கக் கட்டுப்பாடு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி காட்டும் ஒழுங்கு இதுவே: முதலில் ஆரம்ப விசாரணை, பின்னர் குற்றப்பத்திரம், அதற்கு எழுத்தில் பதில், அதன்பின் முறைசார் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவரும் தமது பக்கத்தைச் சொல்லலாம். இது அவருக்குக் காட்டும் சலுகை அல்ல. இந்த ஒழுங்கு தவறினால் தண்டனை மேன்முறையீட்டில் நில்லாது போய்விடும்.

தவிசாளர் மீது முறைப்பாடு என்றால் செயலாளரால் அவரை விசாரிக்க முடியாது. முறைப்பாட்டை மத்திய மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும், மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சருக்கும், அமைச்சர் இல்லாத காலத்தில் ஆளுநருக்கும் அனுப்ப வேண்டும். அதிகாரத் துஷ்பிரயோகம், தவறான நடத்தை போன்ற காரணங்களுக்காகத் தவிசாளரைப் பதவி நீக்கும் ஏற்பாடு சட்டத்தின் 185ஆம் பிரிவில் உண்டு. அதற்கு ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரின் விசாரணை வேண்டும்.

பாலியல் தொந்தரவு என்றால் உள்ளக விசாரணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். வேலைத்தலத்தில் அதிகாரம் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ தரும் தொந்தரவும் அதில் அடங்கும். நேரே பொலிஸ் நிலையத்தில் முறையிடலாம். 1938 என்ற தொலைபேசி இலக்கத்தில் பெண்கள் உதவி கேட்கலாம்.

முறையிடும் முன்னர் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி, நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள், அருகில் நின்றவர்கள் ஆகியவற்றை அன்றன்றே குறியுங்கள். “எப்போதும் ஏசுகிறார்” என்ற முறைப்பாட்டை யாராலும் விசாரிக்க முடியாது. “செவ்வாய்க்கிழமை காலை களஞ்சிய அறை வாசலில் இன்னது சொன்னார்” என்பதை விசாரிக்க முடியும்.

இரண்டாவது, சம்பளத் துண்டு, வரவு அட்டை, வேலைக்குச் சேர்த்த கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வையுங்கள். தற்காலிக முகாமிலோ உறவினர் வீட்டு லயத்திலோ இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொரு பிரதியையும் கொடுத்து வைப்பது நல்லது.

மூன்றாவது, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விளங்காத மொழியில் உள்ள எந்த வாக்குமூலத்திலும் கையொப்பமிடாதீர்கள். வாசித்து விளக்கும்படி கேளுங்கள்.

நான்காவது, காலத்தைத் தவறவிடாதீர்கள். சபையின் செயல் உங்கள் சமத்துவ உரிமையை மீறியிருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியில் உள்ளது. வழக்கறிஞர் அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஐந்தாவது, பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, “எனது முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.

சபையின் பொறுப்பு

முறைப்பாட்டைப் பெறும் சபைக்கும் கடமைகள் உண்டு. பெற்றுக்கொண்டதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரோ அவரது உறவினரோ கட்சிக்காரரோ விசாரணையில் அமரக் கூடாது. விசாரணை முடியும்வரை இருவரையும் ஒரே இடத்தில் வேலைக்கு விடாதிருப்பது நல்லது. அப்படிப் பிரிக்கும்போது முறையிட்டவரையே தூர இடத்துக்கு அனுப்புவது அவருக்குத் தண்டனையாகிவிடும். முறையிட்டதற்காக நாட்கூலி வேலையை நிறுத்துவது பழிவாங்கல். அதுவே இன்னொரு முறைப்பாட்டுக்குக் காரணமாகும். பொய்யாகச் சாட்டப்பட்டவரின் பெயரும் காக்கப்பட வேண்டும். ஆகவே விசாரணை முடியுமுன் சந்தையிலும் கூட்டங்களிலும் அதைப் பேசுவதைத் தவிர்ப்போம்.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவினால் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்வது நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. 2018இல் அந்தத் தடை திருத்தப்பட்டது. அதே காலத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை ஆகிய இடங்களில் புதிய சபைகளும் உருவாயின. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த சபைகளில் நமது பிள்ளைகள் தலைகுனிந்து வேலை செய்ய வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ அயலிலோ சபையில் வேலை செய்யும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். கொப்பி ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள்.