மேடைக்குப் பின்னால் பறக்கும் வெள்ளைப் பவுடர்

பலெர்மோவில் எங்கட பிள்ளையளின் நடன நிகழ்ச்சி என்றால், மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பத்துப் பிள்ளைகள், நாலு அம்மாமார், காற்று முழுக்க முகப் பவுடர். போன முறை ஒரு பிள்ளை டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இதில சி.ஐ. 77891 இருக்கு. இதைத்தானே சாப்பாட்டில தடை செய்தவை?"

அதேதான். டைட்டானியம் டைஒக்சைட். பவுடர், லிப்ஸ்டிக், பற்பசை, சன் கிறீம் எல்லாவற்றுக்கும் வெண்மை கொடுப்பது. அது மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதி சொல்ல முடியவில்லை என 2021 மே மாதம் பார்மாவில் இயங்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. 2022இல் உணவில் தடை வந்தது. அழகுசாதனத்தில் வரவில்லை.

காரணம், தோல் வேறு, வயிறு வேறு, நுரையீரல் வேறு. காயமில்லாத தோலைத் தாண்டி அது உள்ளே போவதில்லை. மொண்டெல்லோ கடற்கரையில் பூசும் சன் கிறீமுக்குப் பயப்படத் தேவையில்லை; 25 சதவீதம் வரை அனுமதி உண்டு. மூச்சோடு போவதுதான் வில்லங்கம். அதனால்தான் நுண்துகள் கலந்த தூள் முகப்பவுடருக்கும் 2021இல் 25 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். மூச்சில் போனால் புற்றுநோய் வரலாம் என்ற வகைப்படுத்தலை ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் ரத்துச் செய்தது. 2025 ஆகஸ்டில் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் வகைப்படுத்திய முறையில் பிழை என்றார்களே தவிர, பவுடரை நன்றாக இழுத்து மூச்சு விடுங்கோ என்று சொல்லவில்லை.

வாய்க்குள் போகிற லிப்ஸ்டிக், பற்பசை பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. கொடுத்த தரவுகள் போதாது என்று ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2024இல் சொன்னது. பற்பசையை விழுங்குகிற சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

எனக்கு உண்மையில் பயம் சூட்கேஸில் வருகிற சாமான்கள்தான். இங்கே விற்கும் எந்த அழகுசாதனத்திலும் ஐரோப்பாவில் பொறுப்பாக உள்ளவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். அது இல்லாமல் வரும் 'வெள்ளையாக்கும்' கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் குழந்தையையும் விடாது. அதற்குப் பக்கத்தில் டைட்டானியம் ஒன்றுமேயில்லை.

அன்றைக்கு அந்த டப்பாவின் அடியையும் பார்த்தோம். முகவரி இல்லை. அம்மா ஒன்றும் பேசாமல் அதை மூடி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தா.