நாதசுரச் சக்கரவர்த்தி

நம் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவன்று சாமி புறப்படும்போது முதலில் நம் செவியில் விழுவது நாதசுர ஓசை. திருமண வீட்டில் ‘கெட்டிமேளம்’ என்னும் குரல் எழுந்ததும் அனைவர் கண்களும் மணமக்கள்மீது பதிகின்றன. ஊதுபவரின் முகத்தை நோக்குவார் அரியர். மங்கல இசை எனப் போற்றுகிறோம், இசைப்பவரை மறந்துவிடுகிறோம். இந்நிலையை ஏற்க மறுத்த ஒரு மேதையைப் பற்றி ஈண்டு எழுத விழைகிறோம்.

அவர்தாம் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சோழநாட்டுத் திருமருகலில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்த அவர், முதலில் வாய்ப்பாட்டுக் கற்று, அதன் பின்னரே நாதசுரத்தைக் கையில் எடுத்தார். பாடத் தெரிந்தவர் ஊதியமையால் குழலும் பாடிற்று எனலாம். தோடி இராகம் என்றாலே அவர் பெயரைச் சொல்லுமளவுக்கு அதனை மணிக்கணக்கில் விரித்து வாசித்தார்.

அக்காலத்தில் நாதசுரக் கலைஞர் சட்டையின்றி, துண்டை இடுப்பில் கட்டி, நின்றபடியே வாசித்தல் வழக்கம். பாடகரும் வயலின் வித்துவானும் மேடையில் அமர்ந்திருக்க, இவர் மட்டும் நிற்பானேன்? இராஜரத்தினம் மேடையில் அமர்ந்தே வாசித்தார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார், சட்டையும் அணிந்தார். செருக்கு என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் பெற்ற இருக்கையில் பின்வந்த கலைஞர் அனைவரும் அமர்ந்தனர் அல்லவா?

கருவியையும் அவர் மாற்றினார். முன்பு வழங்கிய திமிரி நாதசுரம் குட்டையானது. அதன் ஓசை உச்சத்தில் கூர்மையாக எழும். தேர் செல்லும் தெருவுக்கு அது பொருந்தும். மண்டபத்தில் அமர்ந்து கேட்பவர் செவியையோ உறுத்தும். ஆதலின், நரசிங்கம்பேட்டை ரெங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீண்ட ‘பாரி’ நாதசுரத்தைச் செய்வித்தார். குழல் நீண்டால் உள்ளே அதிரும் காற்றின் நீளமும் மிகும், அதிர்வு மெதுவாகும், சுருதி தாழும். ஐயமுள்ளோர், ஒரே பருமனுடைய இரு மூங்கில் துண்டுகளை, ஒன்று நெடியதாகவும் மற்றொன்று குறியதாகவும் எடுத்து, அடிப்புறம் கணு மூடியிருக்க, மேல்விளிம்பில் ஊதிப் பார்க்கலாம். (நறுக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்!) நெடியதே தாழ்ந்து ஒலிக்கும்.

1947 ஆகஸ்டு 14ஆம் நாள் புதுடில்லியில், திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் செங்கோல் வழங்கச் சென்றபோது, உடன்சென்று நாதசுரம் முழக்கியவர் இவரே. 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தார்.

அந்த நீண்ட குழலே இன்று பெரிதும் வழக்கில் உள்ளது. நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் தூண், உத்திரங்களிலிருந்து கிடைக்கும் முற்றிய ஆச்சா மரத்தைக் கடைந்து இன்றும் அதனைச் செய்கின்றனர். 2022இல் அவ்வூர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது.