தேசிங்கு கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

செஞ்சிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் எவரும் ஒரு கேள்விக்கு விடை கூறாமல் வீடு திரும்ப இயலாது. "இந்த ராஜா என்ன ஆனார்?" என்பதே அக்கேள்வி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதில்களைக் காட்டிவிடலாம். கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் காட்டிவிடலாம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் தேசிங்கு ராஜன் கதைக்கு வந்ததும் நா தயங்குகிறது. அதில் நம் மனத்தைக் கவர்ந்தவர் எல்லோரும் இறந்துபோகின்றனரே!

அண்மையில் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு நாமும் செஞ்சிக்குச் சென்றிருந்தோம். கட்டுச்சோறு உண்டு முடித்தபின், மரநிழலில் அமர்ந்து ஒரு பாட்டியார் கதையைத் தொடங்கினார். சிறுவயதில் 'பெரிய எழுத்து'ப் புத்தகத்தில் தாம் படித்ததையும், தெருவில் பாடக் கேட்டதையும் கலந்து சொன்னார். யாராலும் அடக்கவியலாத குதிரையை டில்லியில் அடக்கித் தேசிங்கு புகழ் பெற்றது, ராணிபாயை மணந்தது, ஆர்க்காட்டு நவாபின் படை வந்தது என்று கதை வளர்ந்தது. போர்ச் செய்தி கேட்டதும், வழுதாவூரில் தன் திருமணப் பந்தலை விட்டெழுந்து, நீலவேணி என்னும் குதிரை மீதேறி நண்பனுக்குத் துணையாக விரைந்து வந்தான் மகபத்கான். அந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டினர். அடுத்துப் போர்க்களம். மகபத்கான் வீழ்ந்தான், தேசிங்கும் வீழ்ந்தான், ராணிபாய் உடன்கட்டை ஏறினாள். கைதட்டிய பிள்ளைகளுள் ஒரு சிறுமி விம்மி அழுதாள்.

அவ்வளவுதான், பெரியவர்களிடையே கருத்து வேற்றுமை எழுந்தது.

ஒரு தாய் மிகவும் வருந்தினார். அவருடைய ஒன்பது வயது மகன் முந்திய ஆண்டுதான் தந்தையை இழந்தவன். "வீட்டில் சாவு என்ற சொல்லையே நாங்கள் எடுப்பதில்லை. அவன் மறந்திருக்கட்டும் என்று பார்க்கிறோம். இப்படிப்பட்ட கதை அவனுக்கு எதற்கு?" என்றார். பாட்டியாரோ, "நாங்கள் எல்லாம் இந்தக் கதையைக் கேட்டு அழுது வளர்ந்தவர்கள்தாமே, அம்மா. அழத் தெரியாத பிள்ளைக்குப் பிறர் துன்பம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

உடன் வந்திருந்த ஆசிரியர் ஒருவர், பாடலை விட்டுவிட்டு வரலாற்றை மட்டும் சொன்னால் போதும் என்றார். அவர் எடுத்துக்காட்டிய வரலாறு இது. ஒளரங்கசீப்பின் படை 1698-இல் செஞ்சியைக் கைப்பற்றியது. அதன்பின் கோட்டைப் பொறுப்பு சரூப்சிங் என்னும் பண்டேலா ராஜபுத்திரரிடம் வந்தது. 1714-இல் அவர் இறக்கவே, மகன் தேஜ்சிங் வடக்கேயிருந்து வந்து பொறுப்பேற்றார். அவரே நம் தேசிங்கு. செலுத்த வேண்டிய நிலுவைத் தொகையைக் காரணம் காட்டி நவாபு சாதத்துல்லாகான் படையெடுத்தார். பெரும்படையைச் சில நூறு வீரரோடு எதிர்த்த தேசிங்கு, அதே ஆண்டு அக்டோபரில் குண்டடிபட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில் இச்செய்திகளை ஆராய்ந்துள்ளார்.

நான்காவது கருத்து ஓர் இளந்தந்தையிடமிருந்து வந்தது. "சாவைச் சொல்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் தீயில் இறங்கிய பெண்ணைப் போற்றும் கதையை என் மகளுக்கு எப்படிச் சொல்வேன்?" என்றார் அவர். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கோட்டைக்குள் செட்டிக்குளக் கரையில், தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டு அவர் மனைவி உடன்கட்டை ஏறியதாகக் கூறப்படும் மேடையை இன்றும் காட்டுகின்றனர். ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் நவாபு எழுப்பிய இராணிப்பேட்டை அப்பெண்ணின் நினைவாகப் பெயர் பெற்றது என்பர். வங்கத்தில் 1829-இலும் சென்னை மாகாணத்தில் 1830-இலும் உடன்கட்டை தடை செய்யப்பட்டது. அப்படியிருந்தும் 1987-இல் இராஜஸ்தானின் தேவ்ராலாவில் ஓர் இளம்பெண் சிதையில் மாண்டாள். அவ்வாண்டே இயற்றப்பட்ட மையச் சட்டம், உடன்கட்டையைப் புகழ்ந்து பரப்புவதையும் குற்றமாக்கியது.

பெரியவர்கள் இவ்வாறு பேசிக்கொண்டிருக்க, தந்தையை இழந்த அச்சிறுவன் பாட்டியாரிடம் நெருங்கி வந்தான். "பாட்டி, மகபத்கான் கல்யாண வீட்டில் காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?" என்று கேட்டான். பாட்டியார் சற்றுத் திகைத்தார். பின்பு, "யாராவது ஒருவர் போய்ச் சொல்லியிருப்பார், கண்ணு. சொன்னவரும் அவர்களோடு உட்கார்ந்து அழுதிருப்பார்" என்றார். சிறுவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு மாமா வந்து சொன்னார். பள்ளிக்கூடத்துக்கே வந்தார்" என்றான். அந்த நாளைப் பற்றி அவன் வாய்திறந்து பேசியது அதுவே முதல்முறை என்று தாய் பின்னர் நம்மிடம் கூறினார். மறந்துவிட்டான் என்று அவர் நினைத்திருந்த ஒன்றை, அப்பிள்ளை தனியே சுமந்துகொண்டிருந்திருக்கிறான்!

இத்தகைய வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சன், சீனாவில் பணிபுரிந்த மறைப்பணியாளரின் மகளாக 1932-இல் பிறந்தவர். அவருடைய மகனின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்தாள். அத்துயரத்திலிருந்து பிறந்ததே 1977-இல் வெளியான 'பிரிட்ஜ் டு டெரபிதியா' என்னும் சிறுவர் நாவல். ஓடைக்கு அப்பால் கற்பனை அரசொன்றை அமைத்து விளையாடும் சிறுவன், சிறுமி இருவரில் சிறுமி நீரில் மூழ்கி இறக்கிறாள். 1978-இல் நியூபரி பதக்கம் பெற்ற அதே நூலை, பிள்ளைகளுக்கு ஏற்றதன்று எனப் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் நீக்கச் சொன்ன பெற்றோரும் பலர். அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த 1990களின் பட்டியலில், மிகுதியாக எதிர்ப்புக்குள்ளான முதல் பத்து நூல்களுள் அதுவும் ஒன்று. சாவு அதில் கொடிதாக வந்துவிடுகிறது என்றனர் சிலர். சாவு உண்மையில் அப்படித்தானே வருகிறது என்றனர் வேறு சிலர்.

நம் கருத்து யாது? துயரக் கதையை மறைப்பதால் துயரம் மறைவதில்லை. சவுலும் யோனத்தானும் மாண்டபோது தாவீது புலம்பியதை விவிலியம் மறைக்கவில்லை. இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவர் அழுததையும் நற்செய்தி நமக்குச் சொல்லாமல் விடவில்லை. உயிர்ப்பை நம்புகிறவர்களும் அழலாம் என்பதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தல்லவா கற்க வேண்டும்?

எனினும், கதையை எப்படியும் சொல்லிவிடலாம் என்று நாம் கூறவில்லை. அத்தாயின் அச்சமும் அன்பிலிருந்து எழுந்ததே. உறங்கப் போகும் வேளையில் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துச் செல்வதற்குரிய கதை இதுவன்று. சொன்னபின் பிள்ளையின் அருகே இருக்க நேரம் உள்ள நாளில்தான் இதனைச் சொல்ல வேண்டும். துயரம் புதிதாக இருக்கும் வீட்டில், பிள்ளையே கேட்கும்வரை காத்திருப்பது நன்று. முடிவை மாற்றித் தேசிங்கைப் பிழைக்க வைக்கவும் வேண்டாம். உண்மை வேறென்று பிள்ளை ஒருநாள் அறியும்போது நம் சொல்லின்மேல் அதற்கு நம்பிக்கை போய்விடும். ஆசிரியர் சொன்ன வரலாற்றைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்வோம். இரண்டும் வேறுபடும் இடங்களை, வளர்ந்த பிள்ளைகள் தாமே ஆராயட்டும்.

ராணிபாயின் முடிவைக் கூறும்போது மட்டும் நம் குரல் தெளிவாக இருக்க வேண்டும். உயிர் இறைவன் தந்த கொடை. கணவனை இழந்த பெண் வாழ வேண்டியவள். அவளை வாழவைக்க வேண்டியது சுற்றத்தின் கடமை. அன்று அந்த இளம்பெண்ணைத் தடுத்து நிறுத்த ஒருவரும் இல்லாமற்போனது கொடுமை என்று மகளிடமும் மகனிடமும் சொல்லுவோம். இன்றும் நம் பங்குகளில் கணவனை இழந்த தாய்மார் நல்ல நாள்களில் ஓரமாக ஒதுக்கப்படுவதுண்டு. கதையைச் சொல்லும் நாம் அதனையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

மாலையில் கீழே இறங்கி வருகையில், அச்சிறுவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பாவைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டே நடந்தான். தாய் கண்களைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லி வந்தார்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று காத்திருக்கக்கூடும். அது எழும் நாளில் பிள்ளையின் அருகே இருங்கள்.