சீக்கியர்களின் கலையில் ஒளிரும் இறைப்பற்று

மனித உள்ளம் வார்த்தைகளால் மட்டும் செபிப்பதில்லை. கல்லாலும் வண்ணத்தாலும் இசையாலும் அது இறைவனைத் தேடுகிறது. நம் ஆலயங்களே இதற்குச் சான்று. பிற சமயத்தவரும் இவ்வாறே தேடுகின்றனர். அச்சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் மதிக்க வேண்டுமென 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. மதிக்க வேண்டுமென்றால் முதலில் அறிய வேண்டும் அல்லவா? அந்த எண்ணத்தோடு, சீக்கியரின் கலையைப் பற்றியும், அதை ஆராய்ந்த ஓர் அறிஞரைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

பி. என். கோஸ்வாமி 1933-ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதாவில் பிறந்தவர். 1956-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பதவியைத் துறந்து, கலை வரலாற்று ஆய்வுக்குத் திரும்பினார். சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார். 2023 நவம்பரில், தமது 90-ஆம் வயதில் காலமானார்.

இமயமலை அடிவாரத்து அரசுகளில் வரையப்பட்ட சிற்றோவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவற்றை வரைந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரியாமலே இருந்தன. கோஸ்வாமி அந்தப் பெயர்களைத் தேடி ஹரித்வாருக்குச் சென்றார். அங்குள்ள பண்டாக்கள் என்னும் குருக்கள், தம்மிடம் வரும் திருப்பயணிகளின் பெயர், ஊர், குலம், முன்னோர் ஆகியவற்றை நீண்ட ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றனர். அந்த ஏடுகளைப் புரட்டி, ஓவியர் குடும்பங்களின் வழிமரபை அவர் கண்டறிந்தார். சேவு, அவர் மக்கள் மானக்கு, நைன்சுக் ஆகியோரின் குடும்பம் இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது. 1968-இல் வெளியான அவரது கட்டுரை, அந்த ஓவியங்களை அரசர்களின் பெயரால் அன்றி, வரைந்த குடும்பங்களின் வழியாகப் பார்க்கக் கற்றுத்தந்தது.

1809-இல் காங்ரா கோட்டை மகாராஜா ரஞ்சித் சிங்கின் கைக்கு வந்தது. மலைநாட்டு ஓவியர்கள் சீக்கியப் புரவலர்களுக்காகவும் வரைந்தனர். ஆகவே கோஸ்வாமியின் ஆய்வு சீக்கியக் கலையையும் தொட்டது. 2000-ஆம் ஆண்டு புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் சீக்கியக் கலைப் பாரம்பரியம் பற்றிய பெரிய கண்காட்சியை அவர் அமைத்தார். 2006-இல் நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகத்தில், கேரன் ஸ்மித் என்பவரோடு இணைந்து, தொடக்ககால சீக்கியக் கலையும் பக்தியும் பற்றிய மற்றொரு கண்காட்சியை உருவாக்கினார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். சீக்கியர்கள் உருவங்களை வழிபடுவதில்லை. அப்படியானால் அவர்களிடம் கலைக்கு என்ன வேலை?

அமிர்தசரஸ் பொற்கோவிலைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதன் நடுவில் சிலை இல்லை. விதானத்தின் கீழ் அவர்களது மறைநூலான குரு கிரந்த் சாகிப் வீற்றிருக்கிறது. 1604-இல் ஐந்தாம் குரு அர்ஜன், அந்நூலின் முதல் தொகுப்பை அங்கே நிறுவினார். சீக்கிய குருக்களின் பாடல்களோடு, நெசவாளரான கபீர், தோல் தொழிலாளரான ரவிதாஸ், இஸ்லாமிய ஞானியான ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றுள்ளன. ரஞ்சித் சிங் வேய்ந்த பொற்தகடுகளும், சுவர்களில் கொடியும் மலருமாய்ப் படர்ந்த ஓவியங்களும் அந்த வார்த்தைக்குச் செய்யப்பட்ட மரியாதையே. அந்த ஓவியங்களைத் தீட்டிப் பேணுவதில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர் கியான் சிங் என்னும் ஓவியர்.

கட்டடத்தின் அமைப்பும் போதிக்கிறது. கோவிலுக்கு நான்கு பக்கமும் வாசல் உண்டு. எத்திசையினரும் எச்சாதியினரும் வரலாம். உயரமான மேடைமீது ஏறிச் செல்லாமல், படிகளில் இறங்கியே அங்கே செல்கின்றனர். இறைவனிடம் போகிறவர் தாழ்மையோடு போக வேண்டும் என்பது இதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் செல்வரும் ஏழையரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்கின்றனர். சீடர்களின் காலடிகளைக் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஓவியங்களும் இதே மனநிலையைக் காட்டுகின்றன. குரு நானக்கின் வாழ்க்கைக் கதைகளைக் கூறும் நூல்களுக்கு ஜனம்சாக்கி என்று பெயர். 1733-இல் எழுதப்பட்ட அத்தகைய ஏடு ஒன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதில் 57 ஓவியங்கள் உண்டு. குருவின் அருகில் ரபாப் என்னும் நரம்புக் கருவியை இசைப்பவர் மர்தானா என்ற இஸ்லாமியர். இவற்றை வரைந்தவர் ஆலம் சந்த் ராஜ். 'ராஜ்' என்ற சொல் கொத்தனாரைக் குறிக்கும். உழைக்கும் கைகள் இறைப்பற்றோடு வரைந்த படங்கள் இவை.

இத்தகைய செல்வத்துக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? படையெடுப்புகளால் வந்ததுண்டு. 1762-இல் அகமது ஷா அப்தாலியின் படை பொற்கோவிலைத் தகர்த்தது. சீக்கியர் அதை மீண்டும் கட்டினர். ஆனால் பக்தியின் பெயராலும் இழப்புகள் நேர்கின்றன என்பதுதான் வேதனை. பழைய குருத்வாராக்கள் பலவற்றில் புதுப்பிக்கும் ஆர்வத்தால் சுவரோவியங்கள் வெள்ளையடிக்கப்பட்டன. பளிங்குக் கற்களால் மூடப்பட்டன. 2019 மார்ச் மாத இறுதியில் ஓர் இரவு, தரன் தாரனில் இருந்த பழைமையான நுழைவாயில் கட்டடத்தின் மேற்பகுதி, புனரமைப்புத் தொண்டு என்ற பெயரில் இடிக்கப்பட்டது. சீக்கிய மக்களே திரண்டு எதிர்த்ததால் வேலை நின்றது.

அன்பார்ந்தவர்களே, இது சீக்கியருக்கு மட்டும் உரிய சிக்கலா? நம் பங்குகளிலும் பெரிய ஆலயம் கட்ட வேண்டும் என்ற ஆவலில் பழைய பீடங்களும், மரத்தாலான சுரூபங்களும், முன்னோர் காணிக்கையாய்த் தந்த கல்வெட்டுகளும் அகற்றப்படுவதைக் காண்கிறோம். மக்கள் தொகை பெருகும்போது பெரிய இடம் தேவைப்படுவது உண்மைதான். என்றாலும் இடிக்கும் முன் நாம் கேட்கிறோமா? திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, திருக்கலைப் பொருள்கள் அழிந்தோ விற்கப்பட்டோ போகாதபடி ஆயர்கள் விழிப்பாய் இருக்க வேண்டும் என்று 1963-லேயே வலியுறுத்தியது.

ஹரித்வார் ஏடுகளைப் போலவே, நம் பங்குகளிலும் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள் உள்ளன. நம் ஆலயத்தைக் கட்டிய கொத்தனாரும், பீடத்தைச் செதுக்கிய தச்சரும் ஒருவேளை அவற்றுள் இருக்கலாம். கரையான் அரிக்காமல் அவற்றைக் காப்பதும், பழைய பொருள்களைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைப்பதும், பெரியவர்களிடம் கேட்டு ஆலய வரலாற்றை இளையோருக்குச் சொல்வதும் நம்மால் முடிந்த பணிகளே. மறைக்கல்வி வகுப்பிலேயே இதைத் தொடங்கலாம்.

மறந்துபோன ஓவியர்களின் பெயர்களைத் தேட ஓர் அறிஞர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். நம் முன்னோரின் விசுவாசம் பதிந்த கல்லையும் மரத்தையும் தாளையும் காக்க நாமும் சிறிது நேரம் செலவிடுவோம். அயலாரின் பக்தியை மதிக்கவும், நம் பக்தியின் அடையாளங்களைப் பேணவும் இறைவன் நமக்கு அருள்புரிவாராக.